முதல் ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவது எப்படி: இரண்டு முறை வாங்கியவன் எழுதும் வழிகாட்டி

சேற்றுப் பரப்பில் கொசு உள்ளான் பறவைகள் ஓடிக்கொண்டிருந்தன. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். கால் கறுப்பா, மஞ்சள் கலந்த பச்சையா என்று தெரிந்துவிட்டால் அது சின்னக் கொசு உள்ளானா, டெம்மிங்க் கொசு உள்ளானா என்று சொல்லிவிடலாம். (சேறு அப்பிவிட்டால் எல்லாக் கால்களும் கறுப்புதான், அது வேறு வம்பு.) வாங்கி ஒரு வாரமே ஆன ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதாவது முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கியை, ஆசையோடு 60 மடங்குக்குத் திருகினேன். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மங்கலாகத் துடித்துக்கொண்டிருந்தது. காலே தெரியவில்லை, அப்புறம் நிறத்துக்கு எங்கே போவது? பக்கத்தில் நின்றவர் தன் ஸ்கோப்பை 25 மடங்கில் வைத்திருந்தார். "வந்து பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கறுப்புக் கால். அலகை நீரில் குத்தி எடுத்தபோது நுனியில் தொங்கிய துளிகூடத் தெரிந்தது.

அந்த முதல் ஸ்கோப்பை ஒரு வருடத்துக்குள் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டாவதை வாங்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஐந்து மாதத்தில் தெரிந்துகொண்டது முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு முறை வாங்கியதோடு முடிந்திருக்கும். பறவை, விலங்கு, கடலில் போகும் கப்பல், எதிர் மலைச்சரிவு என்று தூரத்தில் இருப்பதை நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப் வேறு சாதனம், இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

1. ஸ்கோப் தேவையா என்று முதலில் கேளுங்கள்

கையில் நல்ல பைனாகுலர் இல்லையென்றால் ஸ்கோப்பை இப்போது மறந்துவிடுங்கள். 8 அல்லது 10 மடங்கு பைனாகுலர் இல்லாமல் ஸ்கோப் மட்டும் வைத்திருப்பவர், எதைப் பார்க்க வேண்டும் என்று தேடுவதிலேயே பொழுதைக் கழிப்பார். பைனாகுலரில் கண்டுபிடித்ததை ஸ்கோப்பில் ஆராய்வதுதான் வழக்கம்.

இடமும் முக்கியம். ஏரி, கழிமுகம், கடற்கரை, புல்வெளி, பாறை முகட்டில் இருக்கும் கூடு, இங்கெல்லாம் ஸ்கோப் கொடுத்த காசுக்கு உழைக்கும். அடர்ந்த காட்டுக்குள் அது வெறும் சுமை. முக்காலியை விரித்து முடிப்பதற்குள் பறவை நாலு மரம் தாண்டியிருக்கும்.

கடைக்குப் போகும் முன் நான்கு பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் தூக்கி நடப்பீர்கள்? மூக்குக் கண்ணாடி போடுகிறீர்களா? தனியாகப் பார்ப்பீர்களா, இல்லை வேறு உயரத்தில் உள்ளவர்களும் கூட வருவார்களா? போனில் படம் எடுக்க ஆசையா? கீழே வரும் ஒவ்வொரு முடிவிலும் இந்தத் தாள் வேலைக்கு வரும்.

2. பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

20–60×80 என்று போட்டிருந்தால், 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 80 மிமீ என்று பொருள். எல்லோருடைய கண்ணும் 60 மீதுதான் போகும். என் கண்ணும் அங்கேதான் போனது. பார்க்க வேண்டியது 80.

ஏன் என்று நீங்களே பார்க்கலாம். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி வையுங்கள் (சூரியன் இருக்கும் பக்கம் கூடவே கூடாது). கண் வைக்கும் லென்ஸிலிருந்து, அதாவது ஐபீஸிலிருந்து, ஒரு அடி பின்னால் நின்று பாருங்கள். அதன் நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன வட்டம் மிதப்பது தெரியும். எக்ஸிட் பியூபில் என்பார்கள். நான் ஒளிப்பொட்டு என்று சொல்லிப் பழகிவிட்டேன். இப்போது ஜூமைக் கூட்டுங்கள். பொட்டு சுருங்கிக்கொண்டே போகும். அதன் அளவைக் கணக்கிட லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் போதும். 80 மிமீ லென்ஸில் 20 மடங்குக்கு 4 மிமீ, 60 மடங்குக்கு 1.3 மிமீ. என் பழைய 60 மிமீ ஸ்கோப்பில் 60 மடங்கு வைத்தால் வெறும் 1 மிமீ. நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மிமீ வரை திறந்திருக்கும், அந்தியில் இன்னும் விரியும். ஒளிப்பொட்டு அதைவிட எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவுக்குப் படம் இருண்டுபோகும். கண்ணைச் சரியான இடத்தில் நிறுத்துவதும் பெரும்பாடாகிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லென்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதற்கு டாஸ் வரம்பு என்று ஒன்று சொல்வார்கள். 116ஐ லென்ஸ் விட்டத்தால் வகுக்க வேண்டும், விடை விநாடிக் கோணத்தில் வரும் (ஒரு பாகையை 3600ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு). 80 மிமீ லென்ஸுக்கு 1.45. குறையில்லாத கண்ணால் பிரித்தறிய முடிவது ஏறக்குறைய 60 விநாடிக் கோணம். 60ஐ 1.45ஆல் வகுத்தால் 41. ஆக, 80 மிமீ லென்ஸ் தரக்கூடிய விவரம் முழுவதும் 40 மடங்குக்குப் பக்கத்திலேயே உங்கள் கண்ணுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் கொஞ்சம் கூட்டுவது கண்ணின் வசதிக்கு. புதிதாக எதுவும் அதில் பெரிதாக வந்துவிடாது. 65 மிமீ லென்ஸுக்கு இந்த எல்லை 34 மடங்கு.

இதெல்லாம் காற்று சும்மா இருந்தால். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல் படத்தை நெளிய வைக்கும். அந்த நேரத்தில் 30 மடங்கைத் தாண்டினால் நெளிவுதான் பெரிதாகும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கோப்பாலும் இதைச் சரிசெய்ய முடியாது. காலையிலோ மேகம் மூடிய நாளிலோ போவதுதான் வழி.

சிக்க வேண்டாத பொறி: 100 மடங்கு, 200 மடங்கு என்று விளம்பரப்படுத்தும் சின்ன லென்ஸ் ஸ்கோப்புகள். இப்போது கணக்கு உங்களுக்கே தெரியும், போட்டுப் பாருங்கள்.

3. லென்ஸ் அளவைத் தேர்ந்தெடுங்கள்

நிறைய நடப்பவர், மலையேறுபவர், விமானத்தில் போகிறவர் என்றால் 50 முதல் 55 மிமீ. பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். காலை வெளிச்சத்தில் அருமையாகக் காட்டும், பொழுது சாயும்போது சோர்ந்துவிடும்.

65 மிமீ நடுத்தரம். ஒன்றே கால், ஒன்றரை கிலோ. எங்கும் எடுத்துப் போகலாம், எதிலும் மோசமில்லை. தாளில் எழுதிய பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள்.

80 முதல் 88 மிமீ வரை உள்ளவை ஒன்றரை முதல் இரண்டு கிலோ. 60 மிமீ லென்ஸைவிட 80 மிமீ லென்ஸ் ஏறக்குறைய 1.8 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு இதுதான் சரி. நான் இரண்டாவதாக வாங்கியது 82 மிமீ. 95 மிமீக்கு மேலும் இருக்கின்றன. அவற்றை முதல் ஸ்கோப்பாக வாங்காதீர்கள். எடைக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள்.

கடையில் ஸ்கோப்பைக் கையில் தூக்கிப் பார்த்து "பரவாயில்லையே" என்று நினைப்பது தவறு. முக்காலியையும் சேர்த்துத் தோளில் போட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். மொத்தம் நாலு கிலோ சுலபமாக வந்துவிடும்.

4. நேரா, சாய்வா?

ஐபீஸ் உடலோடு நேர்கோட்டில் இருந்தால் நேர் ஸ்கோப். மேல்நோக்கி, பெரும்பாலும் 45 பாகை, வளைந்திருந்தால் சாய்வு ஸ்கோப். என் பரிந்துரை சாய்வு. குட்டையானவருக்கு ஏற்ற உயரத்தில் முக்காலியை நிறுத்திவிட்டால், உயரமானவர் லேசாகக் குனிந்து பார்த்துக்கொள்வார். முக்காலியை ரொம்ப உயர்த்த வேண்டாம் என்பதால் காற்றில் ஆட்டமும் குறையும். வானத்தில் வட்டமிடும் கழுகையோ நிலாவையோ பார்க்கக் கழுத்து வலிக்காது.

நேர் ஸ்கோப்புக்கும் ஆள் இருக்கிறது. வண்டி ஜன்னலில் பிடிமானம் மாட்டிப் பார்ப்பவர்கள், மலை உச்சியிலிருந்து கீழே பள்ளத்தாக்கைப் பார்ப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். குறி பிடிப்பதும் அதில் எளிது, மூக்கு காட்டும் பக்கம் திருப்பினால் போதும். சாய்வில் முதல் ஒரு மாதம் வானத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

5. ஐபீஸ்: கண்ணாடி போடுபவர்கள் இங்கே நில்லுங்கள்

நான் கண்ணாடி போடுகிறவன். முதல் ஸ்கோப்பின் ஐபீஸில் ஐ ரிலீஃப் 12 மிமீ என்று தாளில் எழுதியிருந்தது. அதன் அர்த்தம் வாங்கிய பிறகுதான் புரிந்தது. கண் ஐபீஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை விலகி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பதற்கான அளவு அது. மூக்குக் கண்ணாடியே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எனக்குத் தெரிந்தது சாவித்துவாரம் வழியே பார்ப்பதுபோல ஒரு குறுகிய வட்டம். கண்ணாடி போடுபவர்கள் 15 மிமீக்குக் குறைந்து எதையும் தொடாதீர்கள். 17, 18 இருந்தால் நிம்மதி. சில ஜூம் ஐபீஸ்களில் மடங்கைக் கூட்டும்போது இந்தத் தூரம் மாறும். இரண்டு எண்கள் கொடுத்திருந்தால் சிறியதைப் பாருங்கள்.

அடுத்தது பார்வைப் பரப்பு. 1000 மீட்டர் தொலைவில் எத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்று குறித்திருப்பார்கள். சாதாரண 20–60 ஜூமில் 20 மடங்குக்கு 35 முதல் 40 மீட்டர், 60 மடங்குக்கு அதில் பாதி அளவு இருக்கும். பறவைக் கூட்டத்தை வருடிப் பார்க்கவும், பறக்கும்போது தொடரவும் இந்த அகலம்தான் கை கொடுக்கும். 25–50 போன்ற அகலப் பார்வை ஜூம்கள் வந்திருப்பது இதற்காகத்தான். 20ஐயும் 60ஐயும் விட்டுக்கொடுத்து நடுவில் உள்ளதை நன்றாகச் செய்கின்றன. நான் அந்தக் கட்சி.

மடங்கு மாறாத, 25 அல்லது 30இல் நிற்கும் அகல ஐபீஸ்கள் ஜூமைவிடத் தெளிவாகவும் இலகுவாகவும் இருப்பதுண்டு. ஐபீஸைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் ஒன்றின் ஐபீஸ் மற்றதில் பொருந்தாது. சிலவற்றில் மட்டும் வானியல் தொலைநோக்கிகளுக்கான ஒன்றே கால் அங்குல ஐபீஸ் உட்காரும்.

6. லென்ஸ் கண்ணாடி, பூச்சு, பிரிசம்

விளம்பரத் தாளில் ஹெச்டி என்று இருந்தால் அதைப் படிக்காமலேயே தாண்டுங்கள். அதற்கு யாரும் ஒத்துக்கொண்ட வரையறை இல்லை. ஈடி என்று இருந்தால் கவனியுங்கள். வெவ்வேறு நிறங்களை ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிக்கும் கண்ணாடி வகை அது. அது இல்லாத ஸ்கோப்பில் வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதாவோ பச்சையோ கோடு ஓடும். மடங்கு கூடக் கூட இந்த நிறக் கசிவும் கூடும். பைனாகுலரில் 8 மடங்குக்கு இது பெரிய விஷயமில்லை, ஸ்கோப்பில் 40 மடங்குக்குப் பெரிய விஷயம். பட்ஜெட்டில் ஒன்றே ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியும் என்றால் ஈடிக்குக் கொடுங்கள். ஃப்ளோரைட் படிகம் இன்னும் மேல். கோவா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 88 மிமீ டிஎஸ்என்-883 அப்படிப்பட்டது. விலையும் அதற்கேற்ற உயரத்தில்.

எல்லா லென்ஸ் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். "பூச்சு உண்டு" என்று மட்டும் சொன்னால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு அடுக்கு இருக்கலாம். உள்ளே படத்தை நிமிர்த்திக் காட்டும் பிரிசம் பேக்-4 வகையா, பிகே-7 வகையா என்பதையும் கேட்கலாம், பேக்-4தான் மேல். மேலே சொன்ன ஒளிப்பொட்டின் ஓரம் சாம்பல் படிந்து சதுரம்போல வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பெரும்பாலும் பிகே-7.

தண்ணீர் புகாத உடல், உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பியது, இரண்டும் வேண்டும். குளிர்ந்த இடத்திலிருந்து ஈரக் காற்றுக்கு வந்ததும் உள்ளே பனி படியாமல் இருப்பது அதனால்தான். ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனைத் தரம். அதற்காகக் குளத்தில் போட்டுச் சோதிக்க வேண்டாம்.

ஃபோகஸ் மூன்று விதமாக வரும்: ஒற்றைத் திருகு, வேகத்துக்கு ஒன்றும் நுணுக்கத்துக்கு ஒன்றுமாக இரட்டைத் திருகு, உடலையே சுற்றிவரும் வளையம். இரட்டைத் திருகு எனக்குப் பிடிக்கும். கையுறை போடும் குளிர்ப் பிரதேசத்துக்காரர்களுக்கு வளையம் வசதி. இதில் சரி, தவறு கிடையாது.

7. முக்காலி: எல்லோரும் ஏமாறும் இடம்

என் முதல் ஸ்கோப்போடு ஒரு முக்காலி இலவசமாக வந்தது. பிளாஸ்டிக் மூட்டு, விரல் தடிமனில் கால்கள். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே படம் ஆடும், நிற்க நாலைந்து விநாடி ஆகும். அதற்குள் பறவை இடம் மாறியிருக்கும். ஸ்கோப் மோசம் என்று நான் நினைத்ததில் பாதிக் குற்றம் முக்காலியுடையது. விற்பதற்கு முன் கடைசியாக ஒரு நாள் அதே ஸ்கோப்பை நண்பரின் கனமான முக்காலியில் வைத்து, 30 மடங்கில் பார்த்தேன். வேறு ஸ்கோப்போ என்று தோன்றியது.

ஆகவே பணக்கணக்கை இப்படிப் போடுங்கள். மொத்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கை முக்காலிக்கும் அதன் தலைக்கும் (ஸ்கோப்பைப் பிடித்துத் திருப்பும் மேல்பகுதி) முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில் ஸ்கோப் தேடுங்கள். சின்ன பட்ஜெட் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

தலை வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட்டாக இருக்கட்டும். மேல்-கீழ், இடம்-வலம் என்று வழுக்கிக்கொண்டு போய், விட்ட இடத்தில் நிற்கும். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும், உருண்டை மூட்டில் எப்பக்கமும் திரும்பும் பால் ஹெட் வேண்டாம். தளர்த்திய மறுகணம் ஸ்கோப் மூக்குக் குப்புறச் சாயும். ஸ்கோப்பின் அடியில் உள்ள திருகாணித் துளை பெரும்பாலும் கால் அங்குலம். முக்காலியின் கால்களுக்கும் தலைக்கும் நடுவே உள்ள திருகு பெரும்பாலும் 3/8 அங்குலம். மாற்று வளையம் சின்னக் காசுதான், ஆனால் அது இல்லாமல் ஒரு வார இறுதி வீணாகும். ஸ்கோப்பின் பாதம் ஆர்க்கா-ஸ்விஸ் பாணியில், அதாவது இருபுறமும் சரிந்த விளிம்போடு, இருந்தால் தனித் தட்டு இல்லாமலே பொருந்தும் தலைகள் உண்டு.

நடுத் தண்டை உயர்த்தாமலே ஐபீஸ் உங்கள் கண்ணுக்குக் கீழே வரும் அளவு கால்கள் உயரமாக வேண்டும். தண்டை உயர்த்திவிட்டால் முக்காலி ஒற்றைக்கால் ஆகிவிடுகிறது. கார்பன் ஃபைபர் இலகு, அலுமினியம் மலிவு. அலுமினியம் வாங்கி, காற்றடிக்கும்போது பையை நடுவில் தொங்கவிட்டால் வேலை நடக்கும்.

சோதனை சுலபம். 40 மடங்கில் எதையாவது பார்த்துக்கொண்டே முக்காலிக் காலை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் ஆட்டம் நின்றால் நல்லது.

8. பில், வாரண்டி, சுங்கம்

விலையில் சேராமல் பின்னால் வரும் செலவுகள்: முக்காலியில் இருக்கும்போதே மாட்டியிருக்கும் உறை, போன் பிடிமானம், லென்ஸ் துடைக்கும் பொருட்கள், சில உயர்தர ஸ்கோப்புகளில் ஐபீஸே தனி விலை. ஸ்வரோவ்ஸ்கி நிறுவனத்தின் ஏடிஎக்ஸ் வரிசையில் ஐபீஸ் பகுதியும் முன் லென்ஸ் பகுதியும் தனித்தனியாகவே விற்பனைக்கு வரும். "உடல் மட்டும்" என்ற விலையைப் பார்த்து மலிவு என்று குதித்துவிடாதீர்கள்.

பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி பல நேரம் வாங்கிய நாட்டுக்கு மட்டுமே செல்லும், சிலவற்றில் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் செல்லும், சிலவற்றில் முதல் உரிமையாளருக்கு மட்டும். மூன்றையும் பணம் கட்டும் முன் கேளுங்கள். பில், வாரண்டி அட்டை, வரிசை எண் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறீர்களா? என் பார்சல் பதினேழு நாள் சுங்கத்தில் கிடந்தது. காரணம், அனுப்பியவர் இன்வாய்ஸில் வெறுமனே "ஸ்கோப்" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்தவர் துப்பாக்கி ஸ்கோப் என்று எடுத்துக்கொண்டார். உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் சரக்கு வகைப்பாட்டில் பைனாகுலரும் தொலைநோக்கிகளும் 9005 என்ற தலைப்பில் வரும், ஆயுதத்தில் பொருத்தும் ஸ்கோப் 9013இல் வரும். பறவை நோக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று முழுதாக எழுதி, 9005ஐக் குறிக்கும்படி அனுப்புபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, பொருளின் விவரப் பக்கம், உங்கள் அடையாள அட்டை நான்கையும் ஒரே கோப்பில் தயாராக வைத்திருந்தால், கேட்ட அன்றே அனுப்பிவிடலாம். பல நாடுகளில் வரியைப் பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள்.

பழையது வாங்குவதில் தப்பில்லை, நல்ல ஸ்கோப் இருபது வருடம் உழைக்கும். முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்து ஐபீஸ் பக்கமிருந்தும், பிறகு மறுபக்கமிருந்தும் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, வேண்டாம். நாலைந்து தூசிப் புள்ளிகள் ஒன்றும் செய்யாது. விற்பவர் பதறினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

9. திருப்பித் தரும் கெடுவுக்குள் சோதியுங்கள்

ஒரே மாடலில் இரண்டு ஸ்கோப்புகள் ஒரேமாதிரி இருக்கும் என்று நம்பாதீர்கள். லென்ஸ்கள் உட்கார்ந்த விதத்தில் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் வரும். கடையில் மூன்று இருந்தால் மூன்றையும் பாருங்கள். தபாலில் வந்தால், திருப்பித் தரும் கெடு ஆர்டர் செய்த நாளிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா என்று முதலில் படித்துவிட்டு, முதல் இரண்டு நாளுக்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். அட்டைப் பெட்டியைக் கிழிக்காமல் திறங்கள்.

காலை, வெயில் ஏறும் முன், திறந்த வெளியில் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகத்தின் சிறந்த ஸ்கோப்பும் குப்பையாகத் தெரியும்.

முப்பது மீட்டர் தள்ளி ஒரு ரூபாய் நோட்டையோ பொடி எழுத்துள்ள தாளையோ சுவரில் ஒட்டுங்கள். 25 மடங்கில் ஃபோகஸ் செய்யுங்கள். நல்ல ஸ்கோப்பில் ஒரு புள்ளியில் டக்கென்று கூர்மை வந்து நிற்கும். இங்கேயா, அங்கேயா என்று திருகை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அந்தத் துண்டு சரியில்லை. பிறகு மடங்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த எண்ணுக்கு மேல் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கோப்பின் நிஜமான உச்சம் அதுதான், பெட்டியில் போட்டிருப்பது அல்ல.

வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு காய்ந்த கிளையைப் பார்த்தால் நிறக் கசிவு தெரியும். நடுவில் துளியும் இருக்கக் கூடாது, ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் மன்னிக்கலாம்.

இரவில் ஒரு நட்சத்திரத்தை நடுவில் நிறுத்தி, ஃபோகஸை ஒரு பக்கம் கலைத்துப் பாருங்கள், பிறகு மறுபக்கம். புள்ளி விரிந்து வட்டமாக வேண்டும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரேமாதிரி. ஒரு பக்கமாக வால் நீண்டால் லென்ஸ்கள் நேர்கோட்டில் இல்லை. முக்கோணமாக வந்தால் லென்ஸை எங்கோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: திருப்பி அனுப்புங்கள். (கெடு முடிய நாலு நாள் இருந்தபோது நானும் ஒன்றைத் திருப்பினேன். மாற்றி வந்த துண்டு இன்றுவரை என்னிடம் இருக்கிறது.)

10. முதல் வாரம்

சூரியனை ஸ்கோப் வழியாகப் பார்க்காதீர்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும். முன் லென்ஸை முழுதாக மூடும் முறையான சூரிய வடிகட்டி இல்லாமல் அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. குழந்தைகள் இருக்கும் இடத்தில், பார்க்காத நேரத்தில் மூடியைப் போட்டுவிடுங்கள்.

எப்போதும் குறைந்த மடங்கில் தேடுங்கள், கிடைத்த பிறகு கூட்டுங்கள். சாய்வு ஸ்கோப்புக்குச் சொன்ன வைத்தியம் இது: முன் லென்ஸ் உறையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, அதன் வாலை ஒரு விரற்கடை நீளத்துக்கு மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும்படி வெட்டுங்கள். தூரத்து மரம் ஒன்றை ஸ்கோப்பின் நடுவில் கொண்டுவாருங்கள். ஐபீஸ் பக்கமிருந்து உடலை ஒட்டிப் பார்க்கும்போது டையின் நுனி அந்த மரத்தைத் தொடும்படி நகர்த்தி வையுங்கள். அவ்வளவுதான், துப்பாக்கிக் குறி மாதிரி வேலை செய்யும். இதற்காகத் தனிக் கருவி விற்கிறார்கள். தேவையில்லை.

போனில் படமெடுக்க ஒளிப்பொட்டும் போன் கேமராவும் நேராக வர வேண்டும். பிடிமானத்தை வீட்டிலேயே சரிசெய்து வையுங்கள், களத்தில் பொறுமை இருக்காது. குறைந்த மடங்கு, நேரத் தாமதத்தோடு ஷட்டர், இரண்டும் வைத்தால் பாதிப் படங்கள் தேறும்.

லென்ஸில் தூசி படிந்தால் முதலில் ஊதுகுழாயால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் லென்ஸ் திரவமும் துணியும். சட்டை நுனியில் துடைக்க வேண்டாம், மணல் துகள் ஒன்று சிக்கினாலே பூச்சில் கோடு விழும். ஈரமான ஊர் என்றால், காய்ந்த பிறகு சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நனைந்த உறைக்குள் அப்படியே சுருட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

சாய்வு ஸ்கோப்பின் ஐபீஸ் வானத்தைப் பார்த்து நிற்பதால் மழைத் துளி நேரே அதில் விழும். அதன் மூடியை ஒரு நூலில் கட்டி உடலோடு தொங்கவிடுங்கள். என்னுடையது முதல் மாதமே சேற்றில் விழுந்து காணாமல் போனது. அந்த அளவுக்கு மூடி தனியாக எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு வருடமாக ஒரு மருந்து டப்பாவின் மூடிதான் அந்த வேலையைச் செய்கிறது.